பனங்குற்றியில் ஏறிய மஞ்சள் கார்

ஒருவர் நம்பித் தந்த பொருளைத் தன் கண்போல் ஓம்பி, தந்தவர் கையிலேயே மீளச் சேர்ப்பதை அடைக்கல அறம் என்பர். கொடையைக் காண ஊர் கூடும். தவத்தைக் காணத் தேவரும் வருவர். இந்த அறத்தைக் காண எவரும் வருவதில்லை. காக்கப்பட்ட பொருள் பேசாமல் ஒரு மூலையிற் கிடக்க, காப்பவரின் உறக்கம் மட்டும் கெட்டுப்போகும். ஆயினும் அதனைச் சுமந்து சலியாத நெஞ்சங்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று புளியங்கூடலில், பிள்ளையார் கோயிலுக்கு வடக்கே செல்லும் ஒழுங்கையில், பெரிய வேம்பு நிற்கும் வளவில் வாழ்கிறது. இராசேஸ்வரி என்பது அவர் பெயர்.

வெங்காயத் தோட்டம், இரண்டு பசுக்கள், ஓய்வுபெற்ற பஸ் சாரதியான கணவர் பாலசிங்கம், கம்சிகா என்னும் ஒரே மகள் என்று இவ்வளவில் அடங்கியது அவரது உலகம். பேச்சு சுருக்கம், நடை விரைவு. கொழும்புக்கோ கடல் கடந்தோ போகிற அயலவர்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை அவரிடம் தந்துவிட்டுத்தான் வாசற் படலையைத் தாண்டுவார்கள். அவரது சுவாமி அறைச் சுவரில் ஆணிகள் வரிசையாக அறையப்பட்டிருக்கும். ஆணிக்கொரு வீட்டுத் திறப்பு. அங்குள்ள பிள்ளையார் படத்துக்கு மாலை இல்லாத நாளும் உண்டு. அந்தச் சுவரில் ஒரு திறப்புக் குறைந்த நாள் இல்லை.

எதையும் நம்பி ஒப்படைக்கலாம் என்ற பெயர் அவருக்கு வந்தது ஒரு தையல் மெசினால். தீவுப்பகுதி மக்கள் அனைவரும் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்த காலத்தில் இராசேஸ்வரி புதுமணப் பெண். ஒழுங்கை முனையிலிருந்த ஆசிரியை ஒருவர், கொழும்புக்குப் புறப்படும்போது தம் தையல் மெசினை அவரிடம் ஒப்படைத்திருந்தார். ஊரே ஓடுகையில் அந்த இரும்புப் பாரத்தை எவர் தூக்குவார்? இராசேஸ்வரி அதனைப் பிரித்தார். தலைப்பகுதியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளிற் கட்டித் தம்மோடு கொண்டுபோனார். சுழற்றும் சக்கரமாகிய கைச்சில்லைக் கோயிற் கிணற்றில் இறக்கினார். இரும்புக் காலை, வள்ளத்தில் ஏற்றிக்கொள்ளும்படி, அல்லைப்பிட்டி இன்னாசித்தம்பியிடம் கொடுத்தார். இன்னாசித்தம்பி கடற்றொழிலாளி, நாள்தோறும் புளியங்கூடலுக்கு மீன் கொண்டுவருபவர், கொடுத்த வாக்கை ஒருபோதும் மீறாதவர். ஊர் திரும்பிய பின் மூன்று பாகங்களும் மூன்று திசையிலிருந்து வந்து கூடின. ஆண்டுகள் பல கழித்து ஆசிரியை வந்தபோது, அந்த மெசினில் கம்சிகாவின் பள்ளிச் சீருடை தைபட்டுக்கொண்டிருந்தது. அன்று முதல் இராசேஸ்வரிக்கு ஒரு கொள்கை வாய்த்தது. முழுப் பொருளைத் தேடித்தான் கள்ளன் வருவான். பிரித்து வைத்த பொருளை அவனாலும் பொருளென்று கொள்ள ஏலாது.

இந்தக் கொள்கைதான் சென்ற ஆவணி மாதத்தில் ஒரு காரின் மேல் பாய்ந்தது.

கம்சிகாவுக்கு நெடுந்தீவில் மாப்பிள்ளை பொருந்தியிருந்தார். சுதன் என்று பெயர், கால்நடை வைத்தியர். அவருடைய தமையன் அனோஜன் கனடாவில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டுக் கொழும்புக்கு வந்து வணிகம் செய்பவர். தம்பியை மாப்பிள்ளைக் கோலத்தில் தம் காரில் ஏற்றிவருவதென்பது அவர் கொண்ட விரதம். கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில் அவர் கொழும்பிலிருந்து அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் கூறைச்சேலை எடுக்க வந்திருந்த தாயார் சின்னத்தங்கத்தையும் வழியில் ஏற்றிக்கொண்டார்.

அது பந்தயத்துக்கென்றே பிறந்த வகைக் கார். எலுமிச்சம்பழத்தின் மஞ்சள். முகத்தில் சிங்கத்தின் சினம். உயரத்தில் தவளையின் அடக்கம். இருவர் அமரலாம், மூன்றாமவர் நினைக்கவும் கூடாது. அதன் உறுமல் ஒழுங்கைக்குள் நுழைந்தபோது இரண்டு பசுக்களும் கயிற்றை அறுக்கப் பார்த்தன. சின்னத்தங்கம் அதிலிருந்து இறங்கிய காட்சி, கிணற்றிலிருந்து ஏறிவருபவரை ஒத்திருந்தது.

நெடுந்தீவுப் படகில் ஆடு ஏறும், அலுமாரி ஏறும், மோட்டார் சைக்கிளும் ஏறும். இந்தக் காரை ஏற்றுவதற்கு ஒரு வழி கண்டாலும், அதன் மேல் உப்புத் தண்ணீர் தெறிக்க அனோஜனின் மனம் ஒப்பாது. படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையில் வெயிலில் விட்டுப்போகவும் அவர் துணியவில்லை. ஆகவே கல்யாண நாள் வரை சம்பந்தி வீட்டில் நிற்கட்டும் என்றார். வேம்பின் கீழ் மாட்டுக் கொட்டிலுக்கு அருகே அது நிறுத்தப்பட்டது. திறப்பு இராசேஸ்வரியின் கைக்கு வந்தது. அப்போதுதான் சின்னத்தங்கம், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சிரித்தபடி அந்தச் சொல்லைச் சொன்னார்.

"காரை வைச்சிருக்கிற வடிவைப் பாத்துத்தான் சம்பந்தி, மகனை இஞ்ச விடுறதோ எண்டு யோசிப்பன்."

எல்லாரும் சிரித்தார்கள். இராசேஸ்வரியும் சிரித்தார். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் அந்தச் சொல் முடியவில்லை. மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டிலே குடியிருப்பதுதான் ஊர் வழக்கம். சின்னத்தங்கத்துக்கு இந்தச் சம்பந்தத்தில் தொடக்கத்திலேயே அரைமனம் என்பதும், தன் பிள்ளையைக் கடலுக்கு இப்பால் விட அவர் தயங்கியதும் இராசேஸ்வரி அறிந்தவை. காரின் மேல் ஒரு கீறல் விழுந்தால் அது சகுனமாகும். காரே காணாமற்போனால்? "கொண்டு வந்து தந்தபடியே தருவன்" என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அனோஜன் புறப்படுமுன் காரின் காவல் முறைகளை விளக்கினார். எவராவது தொட்டால் அது கூக்குரலிடும். எங்கே கொண்டுபோனாலும் அது நிற்கும் இடத்தைத் தம் கைத்தொலைபேசி காட்டும். இராசேஸ்வரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"களவு போன பிறகு எங்க நிக்குது எண்டு தெரிஞ்சு என்ன தம்பி செய்யிறது? போகாமல் இருக்கிறதுக்கு ஒண்டும் இல்லையோ?"

அனோஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படகுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

கூக்குரலின் பெருமை விரைவிலே விளங்கியது. முதலில் ஒரு காகம் காரின் கூரையில் அமர்ந்தது, கார் அலறியது, அயல் முழுவதும் பொல்லுகளோடு ஓடிவந்தது. அடுத்து ஒரு வேப்பங்கொப்பு விழுந்தது, மீண்டும் அலறல், பாதி அயல் வந்தது. பின்னர் சிவலைப் பசு கயிற்றை எட்டி இழுத்து, அந்த மஞ்சளை ஒரு முறை நக்கிப் பார்த்தது. அந்த அலறலுக்கு ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. எந்நேரமும் அழுகிற பிள்ளையை ஆர் திரும்பிப் பார்ப்பினம் என்று இராசேஸ்வரி கணவரிடம் சொன்னார்.

இதற்கிடையில் அவருடைய தங்கை மகன் நிசாந்தன் வந்து காரிற் சாய்ந்து நின்று ஒரு படம் எடுத்து, முகநூலிலும் ஏற்றிவிட்டான். ஆருடைய கார், எந்த ஊர், எந்த ஒழுங்கை, ஆருடைய கல்யாணம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் மனங்கோணாமல் விடை எழுதியிருந்தான். வேலணைப் பக்கம் மோட்டார் சைக்கிள்கள் களவு போகின்றன என்று கோயிலடியிலும் கடையடியிலும் பேச்சு அடிபட்ட நாட்கள் அவை. படத்தைக் கம்சிகா காட்டியபோது இராசேஸ்வரி எழுந்துபோய்ப் படலையைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு கணவரை அழைத்தார்.

"இஞ்சாருங்கோ, உந்தக் காரின்ர சில்லைக் கழற்ற ஏலுமோ?"

பாலசிங்கம் பஸ் ஓட்டிய காலத்தில் நடுவழியில் சில்லு மாற்றாத மாதம் இல்லை. அவர் தலையைச் சொறிந்தார். கழற்ற ஏலும், ஆனால் சம்பந்தி வீட்டுக் காரைக் கழற்றலாமோ என்பதே அவர் ஐயம். "பொம்பிளைப் பிள்ளையைப்போல வடிவா நிக்குது. அதைப் போய்ப் பனங்குற்றியில ஏத்திறதோ?" என்றார்.

"வடிவா நிக்கிறபடியாத்தான் பயம். வடிவில்லாமல் நிக்கட்டும்."

மறுநாட் காலையில், கோயிற் பூசை முடிந்து ஆளரவம் அடங்கிய வேளையில், பணி தொடங்கியது. பஸ் நாட்களிலிருந்து வைத்திருந்த ஜாக்கி, அந்தத் தாழ்ந்த வயிற்றின் கீழே புகவில்லை. பாலசிங்கம் மண்வெட்டியால் மணலைத் தோண்டிக் குழி செய்து, ஜாக்கியைக் குழிக்குள் இறக்கி உயர்த்தினார். கார் வாய் ஓயாமல் அலறியது. வேலிக்கு அப்பால் யாரோ, "மாடு திரும்பவும் நக்குதாக்கும்" என்று சொல்வது கேட்டது. ஒவ்வொரு சில்லிலும் ஒரு நட்டுக்குத் தனிச் சாவி வேண்டியிருந்தது. அது காரின் பெட்டிக்குள்ளேயே கிடைத்தது. பனைமரத் துண்டுகளான அந்தக் குற்றிகளை நிறுத்தி, சாக்கை மடித்து அவற்றின் தலையில் வைத்து, அந்தத் தேரை அவற்றின் மேல் மெல்ல அமர்த்தினார்கள். பிறகு தறப்பாளை இழுத்து மூடினார்கள். பார்ப்பவருக்கு அது வைக்கோற்போர் போலவே தோன்றியது. சிவலைப் பசு மட்டும் அதை நம்பவில்லை.

நான்கு சில்லுகளும் நான்கு திசைக்குப் பிரிந்தன. ஒன்று வீட்டு நெல் அறையில் மூட்டைகளுக்குப் பின்னால் புகுந்தது. ஒன்றை, தங்கை மகள் அஜந்தா தன் கட்டிலின் கீழ் வைத்துப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டாள். ஒன்று, ஐயரின் இசைவோடு, பிள்ளையார் கோயில் வாகனசாலையில் மூஷிக வாகனத்தின் பக்கத்தில் இடம்பெற்றது. அடுத்த நாளே எவரோ அதற்கும் திருநீறு சாத்தி ஒரு செவ்வரத்தம்பூ வைத்திருந்தார்கள். நான்காவது சில்லு, வழக்கம்போல, இன்னாசித்தம்பிக்கு. அவர் மீன்பெட்டியை இறக்கிவிட்டு, அதனைத் தம் மோட்டார் சைக்கிளின் பின்னாற் கட்டிக்கொண்டார். என்ன ஏது என்று ஒரு சொல் கேட்கவில்லை.

"கண்ணை விட்டு மறைய விடாதேங்கோ அண்ணை. நான் சொல்லும்வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டவும் வேண்டாம், குடுக்கவும் வேண்டாம்" என்றார் இராசேஸ்வரி.

"ஓம் தங்கச்சி. தையல் மெசின் கால் பாரம். இது அவ்வளவு இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அதன் பின் இராசேஸ்வரி நிம்மதியாகப் பலகாரச் சூட்டில் இறங்கினார். பயித்தம் பணியாரமும் அரியதரமும் கடகங்களில் நிறைந்தன.

பொன்னுருக்குக்கு முதல் நாள். மாங்கல்யத்துக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் உருக்கும் சடங்கு அது. அதன் பின் இரு வீட்டிலும் மரக்கறிதான். அன்று முற்பகல், வாகனம் ஏற்றும் நீண்ட லொறி ஒன்று ஒழுங்கைக்குள் பின்பக்கமாக வந்து படலையடியில் நின்றது. இருவர் இறங்கினர். நன்றாக உடுத்தியிருந்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். அனோஜன் அண்ணை அனுப்பினவர். கல்யாணத்துக்குக் காரைக் கழுவி மினுக்கிக் கொண்டுவரச் சொன்னவர். பின்னேரமே கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். மாப்பிள்ளையின் பெயரும் தெரிந்திருந்தது. முகூர்த்த நேரமும் தெரிந்திருந்தது. பாலசிங்கம் நெகிழ்ந்துபோய்த் தறப்பாளை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். அரிசிமாக் கையோடு குசினிக்குள்ளிருந்து இராசேஸ்வரி வெளியே வந்தபோது, தறப்பாள் பாதி சரிந்திருந்தது.

வந்தவர்கள் இருவரும் குனிந்து காரின் அடியைப் பார்த்தார்கள். ஊரெல்லாம் படத்திற் கண்ட அந்த மஞ்சட் சிங்கம், காலில்லாமல், நாலு பனங்குற்றியின் மேல் வயிற்றை வைத்து அமர்ந்திருந்தது. அடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"சில்லுகள் எங்க அம்மா?" என்று மூத்தவர் ஒருவாறு கேட்டார்.

"இப்ப ஓடுறேல்லைத்தானே. சில்லு எதுக்கு?" என்றார் இராசேஸ்வரி. சொல்லும்போதே அவர் மனம் வேறோர் கணக்கைப் போட்டது. அனோஜன் தம்பி அனுப்பியிருந்தால் முன்பே சொல்லியிருப்பார். சொல்லாமல் அனுப்பியிருந்தால், காரைப் பிரித்த செய்தி இவர்கள் வாயிலாகச் சம்பந்தி வீட்டுக்குப் போகும். அனுப்பாமலே வந்திருந்தால் இவர்கள் கள்ளர். எப்படிப் பார்த்தாலும் உட்கார வைப்பதே நல்லது. "இருங்கோ தம்பியவை, தேத்தண்ணி குடியுங்கோ. அனோஜன் தம்பிக்கு ஒருக்கால் போன் எடுத்துக் கேப்பம்" என்று கதிரைகளை இழுத்துப் போட்டார்.

அவர்கள் இருந்தார்கள், தேநீரும் குடிக்கத் தொடங்கினார்கள். இராசேஸ்வரி கையிலிருந்த மாவைத் துடைத்து எடுப்பதற்குள் தொலைபேசி தானே ஒலித்தது. அழைத்தவர் அனோஜன்.

"மாமி, என்ர கார் நிக்குதோ?"

"நிக்குது தம்பி" என்றார். அது உண்மை.

"எத்தின சில்லோட மாமி நிக்குது?"

இராசேஸ்வரி தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார். நெடுந்தீவில் இருக்கிற பிள்ளைக்கு இது எப்படித் தெரிந்தது?

அனோஜன் சொல்லிச் சொல்லி முடித்த வரலாறு இது. பொன்னுருக்குக்கு முன் கடைசியாக ஒரு நல்ல மீன்கறி வைக்கவென்று அவரும் தாயாரும் காலையில் துறைக்குப் போயிருக்கிறார்கள். சோளகக் காற்று மூர்க்கமாக வீச, வெளியூர் வள்ளங்கள் சில முந்திய நாளே அங்கு ஒதுங்கி நின்றன. அவற்றில் ஒன்றில், வலைக் குவியலுக்கு மேலே, மெத்தையிற் சாய்ந்த செல்வரைப்போல ஒரு கார்ச்சில்லு இருந்தது. அதன் நடுவிலிருந்த முத்திரையை அனோஜன் கண்டார். கொழும்பில் நடைபாதைக் கல்லில் உரசி அவரே உண்டாக்கிய சின்னக் கீறலையும் கண்டார். அவருடைய கார் ஏற முடியாத தீவுக்கு, அவருடைய சில்லு மட்டும் ஏறி வந்திருந்தது.

அனோஜன் கிட்ட வரவும், வள்ளத்திலிருந்த ஒருவர் அந்தச் சில்லின்மேல் ஏறி அமர்ந்து சுருட்டைப் பற்றவைத்தார். இன்னாசித்தம்பிதான். கண்ணை விட்டு மறைய விடாதே என்று சொல்லப்பட்டவர் அவர். கடலுக்குப் போனால் கண்ணும் போகும். ஆகவே சில்லும் போனது.

இது எங்கே கிடைத்தது என்று அனோஜன் கேட்டார். சொல்ல ஏலாது என்றார் அவர். இது என்னுடைய சில்லு என்றார் அனோஜன். இருக்கலாம் என்றார் அவர். துறையில் சனம் கூடியது. பொலிசுக்கு ஆள் அனுப்புவம் என்று ஒரு குரல் எழுந்தது. இன்னாசித்தம்பி சுருட்டுச் சாம்பலைக் கடலிற் தட்டினார்.

"இது ஒருத்தி நம்பித் தந்த சாமான் தம்பி. அவ சொன்னால் தருவன். நீர் ஆரெண்டு எனக்குத் தெரியாது."

"நான்தான் சொந்தக்காரன் எண்டு சொல்லுறன்."

"களவெடுக்க வாறவனும் உதைத்தானே சொல்லுவான்."

கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் அந்த நொடியில் இன்னாசித்தம்பியின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அனோஜன் தொலைபேசியை எடுத்தது அதன் பின்புதான்.

இராசேஸ்வரி இதைக் கேட்டபடி முற்றத்தைப் பார்த்தார். மறைக்க இனி இடமில்லை. மறைக்க அவருக்கு மனமும் இல்லை. சில்லுகளைத் தாமே கழற்றுவித்ததாகச் சொன்னார். களவு பயத்தில் செய்ததாகச் சொன்னார். கோபமென்றால் தம்மைக் கோபிக்கும்படியும், அந்த மனிதரை ஒன்றும் சொல்ல வேண்டாமென்றும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நீங்கள் காரை மினுக்க அனுப்பின ஆக்கள் இஞ்சதான் இருக்கினம். அவையளோடயும் ஒருக்கால் கதையுங்கோ" என்றார்.

"நான் ஒருத்தரையும் அனுப்பேல்லை மாமி."

அவர் தலையைத் திருப்பினார். கதிரைகள் வெறுமையாயிருந்தன. தேநீர் பாதிக் கோப்பையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. லொறி ஒழுங்கை முனையில் திரும்பி, வேலிக்கு நட்ட ஒரு கதியாலைச் சாய்த்துவிட்டு, பெரிய தெருவை நோக்கிப் பறந்தது. பாலசிங்கம் அதன் இலக்கத்தகட்டைப் படிக்க ஓடினார். அவருடைய மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது. பின்னர் ஊர்காவற்றுறைப் பொலிசில் சொன்னபோது, அந்த லொறிக்காரர் வேறு ஊர்களிலும் இதே மரியாதையோடு பேசியிருப்பதாக அறிந்தார்கள்.

அனோஜன் மெல்லக் கணக்குப் பார்த்தார் போலும். சில்லு இருந்திருந்தால் கார் இந்நேரம் லொறியில் ஏறி அல்லைப்பிட்டி கடந்து கடற்பாலமும் தாண்டியிருக்கும். அவருடைய கைத்தொலைபேசி அது போகும் வழியை அழகாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

"மாமி, இந்த ஐயாவோட ஒருக்கால் கதையுங்கோ. எழும்புறார் இல்லை" என்றார் கடைசியில்.

இராசேஸ்வரி கதைத்தார். "அண்ணை, அவர்தான் கார்க்காரர். எண்டாலும் சில்லை அவரிட்டக் குடாதேங்கோ. உங்களிட்டத் தந்தது நான். நீங்களே என்ர கையில கொண்டுவந்து தாங்கோ."

"நானும் உப்பிடித்தான் நினைச்சனான்" என்ற குரல் கேட்டது. அதன் பின்னால் துறை முழுவதும் சிரிக்கும் ஓசை. அனோஜனும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இராசேஸ்வரியின் நெஞ்சு இன்னும் ஒரு குரலுக்காகக் காத்திருந்தது. அது வந்தது. தொலைபேசியைச் சின்னத்தங்கம் வாங்கியிருந்தார்.

"சம்பந்தி, மற்ற மூண்டும் எங்க?"

கம்சிகா குசினி வாசலில் நின்று தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விடையில் ஒரு கல்யாணம் தொங்குவதாக இராசேஸ்வரிக்குப் பட்டது. அப்படியிருந்தும் பழகிய வாய் பழகிய வழியிலேதான் போயிற்று.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. அதை உங்களுக்கும் சொல்லமாட்டன். கல்யாணத்தண்டு வந்து பாருங்கோ."

மறுமுனையில் நீண்ட மூச்சொன்று கேட்டது. அது சினமா சிரிப்பா என்று தெரியுமுன் தொடர்பு அறுந்துவிட்டது. நெடுந்தீவுத் துறையில் அது அடிக்கடி அறுவதுதான். மீண்டும் எடுத்தால் கிடைக்கவில்லை; அடுத்த நாட்களில் எடுத்துக் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. கல்யாணம் வரையிலான நாட்களில் இராசேஸ்வரி பலகாரத்தில் சீனி போட்டாரா உப்புப் போட்டாரா என்பது பிள்ளையாருக்கே வெளிச்சம்.

கல்யாண நாட் காலை. காற்றுத் தணிந்த கடலில் மாப்பிள்ளை வீட்டாரின் படகு குறிகட்டுவானை அடைந்தது. அதன் பின்னே, காற்று அடங்கும்வரை நெடுந்தீவுத் துறையிலேயே நின்ற இன்னாசித்தம்பியின் வள்ளமும் வந்தது. வெள்ளைச் சட்டை அணிந்து, சில்லை மடியில் வைத்தபடியே வந்திருந்தார் அவர். மாப்பிள்ளை வீட்டார் வான் வண்டியில் ஏற, அவரும் ஏறினார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சில்லுக்கும் ஓர் ஆசனம் வாய்த்தது.

புளியங்கூடற் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை இறங்கிக் கும்பிட்டு நிற்கையில், இராசேஸ்வரியின் வளவில் நான்கு திசையும் ஒன்றுகூடின. நெல் அறையிலிருந்து ஒன்று. அஜந்தாவின் கட்டிலடியிலிருந்து ஒன்று. வாகனசாலையிலிருந்து திருநீறும் பூவுமாக ஒன்று. கடலிலிருந்து சூடைமீன் மணத்தோடு ஒன்று. இன்னாசித்தம்பி அதை இரு கையாலும் நீட்ட, இராசேஸ்வரி இரு கையாலும் வாங்கினார். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலசிங்கம் நட்டுகளை முறுக்கினார். அனோஜன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஜாக்கியைப் பிடித்தார். கோழிக்கு வேறிடம் கண்டார்கள். பனங்குற்றிகள் நீங்கின. கார் நிலத்தைத் தொட்டதும் வழக்கப்படி அலறியது. இம்முறை நாதஸ்வரக்காரர் அதற்கேற்பச் சுருதி சேர்க்க முயன்றார்.

சின்னத்தங்கம் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒவ்வொரு சில்லையும் குனிந்து பார்த்தார். மீன்மணம் வீசிய சில்லின் பக்கத்தில் சற்று நின்றார். பிறகு நிமிர்ந்து இராசேஸ்வரியின் கையைப் பற்றினார்.

"சம்பந்தி, என்ர மகனை உங்களிட்ட விட்டிட்டுப் போறன். ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். அவனைப் பிரிச்சு நாலு வீட்டில வைச்சிடாதேங்கோ."

இராசேஸ்வரி சிரிக்க முயன்றார்; கண் நிறைந்துவிட்டது. "அவரை முழுசாத்தான் வைச்சிருப்பன் அக்கா. எந்த நேரம் வந்தும் எண்ணிப் பாக்கலாம்" என்றார்.

முகூர்த்தம் குறித்தபடி நடந்தது. மஞ்சட் கார் மாப்பிள்ளையைச் சுமந்து, கோயிலிலிருந்து மணவீடு வரையுள்ள சிறு தொலைவை நடைவேகத்தில் கடந்தது. அதற்கு வழிவிட மாட்டேனென்று சிவலைப் பசு ஒழுங்கையில் சிறிது நேரம் நின்றதைத் தவிரத் தடையொன்றும் இல்லை. இன்னாசித்தம்பிக்கு முதற் பந்தியில், மாப்பிள்ளை வீட்டாரோடு இலை போட்டார்கள். கொழும்புக்குத் திரும்புகையில் அனோஜன் ஒரு காரியம் செய்தார். காரின் இரண்டாவது திறப்பைக் கழற்றி இராசேஸ்வரியிடம் கொடுத்தார். என் வீட்டில் வைப்பதிலும் இங்கு இருப்பது நல்லது என்றார். சுவாமி அறைச் சுவரில் புதிதாக ஓர் ஆணி ஏறியது.

மருமகன் சுதன் இப்போது அந்த வளவிலிருந்துதான் வேலைக்குப் போய் வருகிறார். அவர் மோட்டார் சைக்கிளை உள்ளே விட்டதும், மாமியார் வந்து அதன் சில்லுகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதாகக் கேள்வி. மருமகன் அதைக் கண்டும் காணாதவராய்த் திறப்பை ஆணியில் மாட்டிவிடுகிறார்.

பிறர் பொருளைத் தன் பொருளினும் பெரிதென எண்ணும் அந்த இல்லத்தைப் பிள்ளையார் காக்க. நயினை நாகபூசணி அம்மையின் கடைக்கண் அவ்வீட்டுப் படலை மீது என்றும் இருக்க. நெல் அறை நிறைக. பசு பால் பெருக்குக. சுவரில் தொங்கும் திறப்புகளுக்கு உரியவர் அனைவரும் நலமே திரும்பி வருக. கம்சிகாவும் சுதனும் இருவராய் வந்து பலராய்ப் பெருகி, பிரியாது, குறையாது, முழுமையாய், அந்த வேம்பின் நிழலில் நீடு வாழ்க.